பழைய சிறு கப்பலா, புதிய பெருங்கப்பலா?

கேள்வி: நாங்கள் ராயபுரத்தில் வசிக்கிறோம். அப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 71. அம்மாவுக்கு 66, இரண்டு முழங்காலிலும் வலி. அவர்களுடைய 45ஆவது மணநாளுக்குக் கப்பல் பயணம் அழைத்துப் போக ஆசை. எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் வயது 11, 14. ஒரு முகவர் சென்னைத் துறைமுகத்திலிருந்தே புறப்படும் 'எம்ப்ரஸ்' கப்பலைச் சொல்கிறார். இன்னொருவர், "அது 1990இல் கட்டிய பழைய கப்பல், அளவிலும் சிறியது. சிங்கப்பூர் போய் 'ஜென்டிங் ட்ரீம்' ஏறுங்கள்" என்கிறார். அப்பாவோ, "பழைய கப்பல் என்றால் எனக்குத் தீப்பிடித்த 'சிதம்பரம்' கப்பலின் ஞாபகம்தான் வருகிறது" என்று தயங்குகிறார். எதை வாங்குவது?

பதில்: உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அம்மாவின் முழங்கால்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தையை ஒரு பழைய கப்பலில் அழைத்துப் போனேன். "எல்லா இடத்துக்கும் லிஃப்ட் இருக்கிறது, படியே ஏற வேண்டாம்" என்று முகவர் சொன்னதை நம்பி அறை எடுத்தேன். லிஃப்ட் இருந்தது உண்மை. ஆனால் அறைக்குள் குளியலறை வாசலில் நான்கு விரற்கடை உயரத்துக்கு ஓர் இரும்புத் தடுப்பு. தண்ணீர் வெளியே வராமல் இருப்பதற்காகப் பழைய கப்பல்களில் பரவலாக வைக்கிற வாசற்படி அது. முதல் இரவே அத்தை அதில் கால் இடறி, கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டதால் தப்பினார். மறுநாள் முதல் அந்தத் தடுப்பின் மேல் ஒரு வெள்ளைத் துண்டை மடித்துப் போட்டு, குளியலறை விளக்கை விடிய விடிய எரியவிட்டோம். புதிய கப்பல்களில் இந்தத் தடுப்பு பெரும்பாலும் தாழ்வாக இருக்கும். சக்கர நாற்காலிக்கான அறைகளில் தரை சமமாகவே இருக்கும். அம்மாவால் நான்கு விரற்கடை உயரத்தை இரவில், அரைத் தூக்கத்தில் தாண்ட முடியுமா என்று வீட்டிலேயே ஒரு பலகையை வைத்துப் பார்த்துவிடுங்கள். முடியாது என்றால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை, புதிய கப்பல்தான்.

தாண்ட முடியும் என்றால், அடுத்தது நடை. எம்ப்ரஸ் 211 மீட்டர் நீளம். ஜென்டிங் ட்ரீம் 335 மீட்டர். பெரம்பூரில் முன்பு செய்துவந்த பழைய ஐ.சி.எஃப். ரயில் பெட்டி ஒன்று சுமார் 22 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முதலாவது ஒன்பதரைப் பெட்டி நீளம், இரண்டாவது பதினைந்து பெட்டி. சாப்பாட்டுக் கூடம் ஒரு கோடியில், நாடக அரங்கு மறுகோடியில் இருந்தால் அம்மா நாளொன்றுக்கு எத்தனை முறை அந்தத் தாழ்வாரத்தைக் கடக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பெருங்கப்பலில் வசதிகள் அதிகம், அந்த வசதிகளுக்கு இடையே உள்ள தூரமும் அதிகம். சிறிய கப்பலில் இரண்டாம் நாளே எது எங்கே என்று பழகிவிடும். பெரியவர்கள் தனியாக எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வழி தவறாமல் திரும்பி வருவார்கள். இதை நான் மிகப் பெரிய வசதியாகக் கருதுகிறேன்.

இனி இடநெருக்கடி. இங்கே பெருங்கப்பலுக்குத்தான் வெற்றி, பலரும் நினைப்பதற்கு நேர்மாறாக. கப்பலை 'இத்தனை டன்' என்கிறார்களே, பயணக் கப்பல் விஷயத்தில் அது எடை இல்லை, கப்பலுக்குள் அடைபட்டிருக்கும் இடத்தின் கொள்ளளவு. அந்தக் காலத்தில் நூறு கன அடியை ஒரு டன் என்று கணக்கிட்டார்கள். இந்த எண்ணைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்கு எவ்வளவு இடம் என்று தெரிந்துவிடும். எம்ப்ரஸ் 48,563 டன். அறைக்கு இருவர் என்றால் சுமார் 1,600 பேர். ஆளுக்கு 30. ஜென்டிங் ட்ரீம் 1,50,695 டன், 3,352 பேர். ஆளுக்கு 45. இது ஒன்றரை மடங்கு. விடுமுறைக் காலத்தில் அறைக்கு மூவர், நால்வர் என்று ஏறும்போது இரண்டு கப்பலிலும் இந்த எண் இன்னும் இறங்கும். ஆகவே எந்தக் கப்பலானாலும் பள்ளி விடுமுறையின் நடுவாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

அறையின் அளவிலும் இதே கதைதான். பல பழைய கப்பல்களில் உள் அறை 120 சதுர அடி அளவில் இருக்கும். நம் பக்கத்து லைன் வீட்டு முன்னறை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் குளியலறையும் அடக்கம். எல்லோரையும் ஒரே அறையில் அடைத்துக் காசை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். அப்பா அம்மாவுக்கு ஓர் அறை, உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அடுத்த அறை அல்லது எதிர் அறை. பெரியவர்களுக்குக் கட்டாயம் ஜன்னல் உள்ள அறை எடுங்கள். ஜன்னல் இல்லாத உள் அறையில் பகல் எது, இரவு எது என்றே தெரியாது. வயதானவர்களுக்கு அது பெரிய வேதனை. பால்கனி வேண்டும் என்றால் பழைய கப்பலில் கிடைப்பது அரிது. புதிய பெருங்கப்பல்களில்தான் அவை ஏராளம்.

அப்பாவின் பயத்துக்கு வருகிறேன். அவர் துறைமுகத்தில் இருந்தவர். அந்தப் பயத்தை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய 'சிதம்பரம்' 1966இல் பிரான்சில் 'பாஸ்தர்' என்ற பெயரில் ஓடத் தொடங்கிய கப்பல். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதன்பின் அது மீண்டும் பயணிகளை ஏற்றவில்லை. ஆனால் அப்பாவிடம் ஒன்றைச் சொல்லுங்கள். அந்தத் தலைமுறைக் கப்பல்கள் இப்போது இப்படிப் பயணிகளை ஏற்ற முடியாது. 2010 அக்டோபர் முதல், எரியக்கூடிய பொருள்களைக் கொண்டு உட்பகுதி அமைத்த பழைய பயணிக் கப்பல்களைச் சர்வதேசப் பயணத்திலிருந்து கடல் பாதுகாப்பு விதிகள் விலக்கிவிட்டன. எம்ப்ரஸ் அதற்குப் பிந்தைய தலைமுறை. பயணிக் கப்பலின் பாதுகாப்புச் சான்றிதழ் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் செல்லாது. ஆண்டுதோறும் அடிப்பகுதியைச் சோதிக்க வேண்டும், ஐந்தாண்டில் இரண்டு முறையாவது அந்தச் சோதனை தண்ணீரை வடித்த உலர்துறையில் நடக்க வேண்டும்.

புதிய கப்பலுக்கு ஓர் உண்மையான அனுகூலம் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2010 ஜூலைக்குப் பின் கட்டத் தொடங்கிய பெரிய பயணிக் கப்பல்களில், ஓர் இயந்திர அறை தீயில் போனாலும் மிச்சமுள்ள இயந்திரத்தால் துறைமுகம் திரும்பும்படி முக்கிய அமைப்புகளை இரட்டையாக அமைக்க வேண்டும் என்பது விதி. 2016இல் வந்த ஜென்டிங் ட்ரீம் இதற்குள் அடங்கும், 1990இல் வந்த எம்ப்ரஸ் அடங்காது. 2013இல் 'கார்னிவல் டிரையம்ஃப்' என்ற கப்பல் இயந்திர அறைத் தீயால் மெக்சிகோ வளைகுடாவில் நாள்கணக்கில் மின்சாரமின்றித் தத்தளித்ததே, அந்த நிலை வரக்கூடாது என்பதுதான் நோக்கம்.

அதற்காகப் புதுமையை மட்டும் நம்பிவிடவும் கூடாது. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் பாறையில் மோதிச் சாய்ந்து 32 உயிர்களைக் கொண்டுபோன 'கோஸ்டா கான்கார்டியா' 2006இல் ஓடத் தொடங்கிய, அன்றைக்குப் புதிதென்றே சொல்ல வேண்டிய பெருங்கப்பல். பாதை மாறியது தளபதியின் முடிவால். அந்த விபத்துக்குப் பிறகு, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ ஆபத்துக்காலப் பயிற்சியைப் பயணிகளுக்கு நடத்தியாக வேண்டும் என்று விதி வந்தது. அம்மாவையும் கையோடு அழைத்துப் போய், உங்கள் உயிர்காப்புப் படகு எந்தப் பக்கம், எந்தத் தளம் என்று நடந்து காட்டுங்கள். எந்தக் கப்பலில் ஏறினாலும் முதல் வேலை இதுதான்.

"புதுப்பித்த கப்பல்" என்று முகவர் சொன்னால் என்ன புதுப்பித்தார்கள், எந்த ஆண்டில் என்று கேளுங்கள். திரைச்சீலை மாற்றுவதும் புதுப்பித்தல்தான், குழாய்களை மாற்றுவதும் புதுப்பித்தல்தான். கப்பலின் பெயர் அடிக்கடி மாறும். எம்ப்ரஸே 'நார்டிக் எம்ப்ரஸ்' என்று தொடங்கி, 'எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ்' ஆகி, பெயர் முன்னும் பின்னும் மாறி 2021இல் இந்தியாவுக்கு வந்தது. ஆனால் ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண் என்கிற ஏழு இலக்க எண் கப்பல் பிறந்தது முதல் உடைபடும்வரை மாறாது. அந்த எண்ணை வாங்கி இணையத்தில் தேடினால் கட்டிய ஆண்டும் பழைய பெயர்களும் தெரிந்துவிடும். கேட்கத் தயங்க வேண்டாம். பழைய ஸ்கூட்டர் வாங்கும்போதே என்ஜின் எண் பார்க்கிறோம்.

பணக் கணக்கில் விளம்பரத் தொகையை ஒதுக்கிவிட்டு மொத்தத்தை எழுதுங்கள். சிங்கப்பூர் என்றால் எல்லோருக்கும் விமானம், விசா, முந்தின நாளே போய்ச் சேர்ந்து ஓர் இரவு விடுதி (அன்றைக்கே இறங்கி அன்றைக்கே கப்பல் ஏறும் திட்டத்தை ஒருபோதும் போடாதீர்கள்), காப்பீடு. சென்னையிலிருந்து என்றால் வீட்டிலிருந்து துறைமுகத்துக்கு ஆட்டோ. 17.21 கோடி ரூபாய் செலவில் கட்டிய பயணக் கப்பல் முனையம் துறைமுகத்துக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு கப்பலிலும் துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், கரைச் சுற்றுலா, இணையம் ஆகியவை சேர்ந்ததா தனியா என்று எழுத்தில் கேளுங்கள். சேவைக் கட்டணம் தலைக்கு, இரவுக்கு என்று ஏறும். பல கப்பல்களில் பிள்ளைகளுக்கும் உண்டு. 'இரண்டு இரவு' என்பது முதல் நாள் மாலை ஏறி மூன்றாம் நாள் காலை இறங்குவது. கூட்டிப் பார்த்தால் நாற்பது மணி நேரம்கூடத் தேறாது. அதில் பெரியவர்கள் பழகிக்கொள்வதற்குள் கரை வந்துவிடும்.

என் முடிவு இது. அம்மா அந்தப் பலகையைத் தாண்டிவிட்டால், இந்த மணநாளுக்குச் சென்னையிலிருந்து புறப்படும் சிறிய கப்பலையே எடுங்கள், இரண்டு இரவைவிட நீண்ட பயணமாக. விமான நிலைய வரிசைகளில் அம்மாவின் கால்கள் ஓய்ந்த பிறகு கப்பல் ஏறுவதைவிட, தெம்போடு ஏறுவது மேல். இன்னொன்றும் இருக்கிறது. வாழ்நாள் முழுக்கக் கப்பல்களைக் கரையிலிருந்தே பார்த்த உங்கள் அப்பா, தான் வேலை பார்த்த அதே துறைமுகத்திலிருந்து பயணியாகப் புறப்படுவார். கப்பல் அலைதடுப்புச் சுவரைத் தாண்டும்போது மேல்தளத்தில் அவர் பக்கத்தில் நில்லுங்கள். எது எந்தப் பாரந்தூக்கி, எது எந்தத் தளம் என்று அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வருவார். சிங்கப்பூர்க் கப்பலில் நீர்ச்சறுக்கு உண்டு, இந்த அனுபவம் கிடைக்காது. சறுக்கு வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், அதை அவர்களோடு மட்டும் போகிற இன்னொரு வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அந்தமான் கப்பலில் பங்க் (அடுக்குப் படுக்கை) வகுப்பில் போனபோது இரண்டு நாளும் வாந்திதான். சிறிய கப்பல் என்றால் அதேபோல் ஆடுமா? (காசிமேடு வாசகர்)

பதில்: நீங்கள் கடற்கரைக்காரர், உங்களுக்கு இது எளிதில் புரியும். நாட்டுப்படகில் அணியத்தில் (முன்முனையில்) உட்கார்ந்தவர் தூக்கித் தூக்கிப் போடப்படுவார், நடுவில் இருப்பவர் அவ்வளவு ஆடமாட்டார். கப்பலிலும் அப்படியே. நீளம் கூடினால் முன்னும் பின்னும் எழும்பி விழுவது குறையும், ஆகவே பெருங்கப்பல் கொஞ்சம் சாதுவாகப் போகும். பயணக் கப்பல்களில் நீருக்கடியில் இரு பக்கமும் துடுப்பு போன்ற தகடுகள் இருக்கும். அவை பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும், முன்பின் ஆட்டத்துக்கு உதவாது. அறையை நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். விலை அதிகமான மேல்தள அறைதான் அதிகம் ஆடும். அறைக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்பதையும் தளப்படத்தில் பாருங்கள், நடன அரங்கின் கீழே மாட்டினால் வேறு காரணத்தால் தூக்கம் போகும். "எந்த அறை என்று பிறகு சொல்வோம்" என்கிற மலிவுச் சீட்டு உங்களுக்கு வேண்டாம்.

வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடையும் புயலும். ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரை கடல் அமைதியாக இருக்கும், அப்போது போங்கள். வாந்தி மாத்திரையை ஆட்டம் தொடங்கிய பின் விழுங்கிப் பயனில்லை. மருத்துவரிடம் கேட்டு, புறப்படும் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பயணத் திட்டத்தில் சொன்ன ஒரு துறைமுகத்துக்குப் போகாமலே கப்பல் திரும்பிவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா? பாதித் தொகை கட்டிவிட்டேன். ரசீதை இணைத்துள்ளேன். (தண்டையார்பேட்டை வாசகி)

பதில்: வானிலைக்காகவோ பாதுகாப்புக்காகவோ தளபதி பாதையை மாற்றலாம் என்று அநேகமாக எல்லாப் பயண ஒப்பந்தத்திலும் எழுதியிருப்பார்கள். அந்தத் துறைமுகத்துக்கான கட்டணத்தையும், கப்பல் நிறுவனத்திடமே வாங்கிய கரைச் சுற்றுலாவின் பணத்தையும் கேட்கலாம். முழுத் தொகை கிடைக்காது. ஆனால் முகவர் ஒரு கப்பலைக் காட்டி வேறு கப்பலில் ஏற்றினாலோ, ஜன்னல் அறைக்குப் பணம் வாங்கிக்கொண்டு உள் அறை கொடுத்தாலோ அது சேவைக் குறைபாடு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். தீரவில்லை என்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், வடசென்னைக்கென்று தனி ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது.

நீங்கள் இணைத்திருக்கும் ரசீதைப் பார்த்தேன். அதில் கப்பலின் பெயரே இல்லை. மீதித் தொகையைக் கட்டும் முன், கப்பலின் பெயர், அறை எண், புறப்படும் தேதி மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பிறகு முன்பதிவு எண்ணைக் கப்பல் நிறுவனத்துக்கே போன் செய்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.