உறைந்துபோன நிரலை எப்படி விலக்குவது?

கேள்வி: ஆர்டர் பெறும் எங்கள் நிரல் பல சர்வர்களில் ஓடுகிறது. சில சமயம் ஒன்று முழுவதும் நிற்காமல், தரவுத்தள இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு உறைந்துவிடுகிறது. உடலில் பழுதான செல்கள் தாமாகவே இறப்பதுபோல் நிரலையும் அமைக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் பழுதைக் கண்டதும் நின்றுவிடு என்று நிரலுக்குள் எழுதிவைப்பது போதாது. உறைந்த நிரலுக்குத் தன் பழுதைக் காணும் திறனே இருக்காது. 1990களில் உயிரியலாளர் மார்ட்டின் ராஃப் வலியுறுத்தியபடி, பல்செல் விலங்குகளின் பெரும்பாலான செல்கள் பிற செல்களிடமிருந்து பிழைத்திருப்பதற்கான வேதிச் சமிக்ஞை வந்துகொண்டிருக்கும் வரைதான் உயிரோடிருக்கும். அது நின்றால் இறந்துவிடும், அதற்குத் தனி ஆணை வேண்டியதில்லை.

இதற்கு நிகராக உங்களிடம் இருக்க வேண்டியது குத்தகை முறை. ஒவ்வொரு நிரலும் எட்சிடி (etcd) போன்ற, எல்லாச் சர்வர்களும் பார்க்கும் பொதுப் பதிவேட்டில் சில வினாடிகளுக்குக் குத்தகை, அதாவது காலாவதியாகும் பதிவு, எடுத்து, அது தீருமுன் புதுப்பித்துவர வேண்டும். தவறினால் அதற்கு வேலை அனுப்புவது நின்றுவிட வேண்டும். புதுப்பிக்கும் வேலையைத் தனி இழையில் (நிரலுக்குள் தனியே ஓடும் thread) வைக்காமல், ஆர்டரைக் கையாளும் அதே லூப்பில் வையுங்கள். இல்லையெனில் வேலை செய்யும் பகுதி உறைந்த பின்னும் குத்தகை மட்டும் ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். இதனால் கோளாறு நீண்ட நேரம் தெரியாமலே போகலாம். உறைந்த நிரல் திடீரென விழித்துப் பழைய ஆர்டரை எழுதவும் முயலலாம் என்பதால், ஒவ்வொரு குத்தகைக்கும் ஏறிக்கொண்டே போகும் எண் ஒன்றைக் கொடுத்து, பழைய எண்ணோடு எழுத வரும் கோரிக்கையைத் தரவுத்தளம் மறுக்கும்படி செய்யுங்கள்.

அடுத்தது துப்புரவு. காயம்பட்டுச் சாகும் செல் வெடித்து, உள்ளிருப்பதைச் சிந்தி, சுற்றிலும் அழற்சியை உண்டாக்கும். திட்டமிட்டு இறக்கும் செல்லோ சுருங்கி, சவ்வு மூடிய துண்டுகளாகப் பிரிந்து, பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பை வெளிப்புறத்தில் காட்டும். விழுங்கு செல்கள் அதை அடையாளம் கண்டு அப்புறப்படுத்திவிடும். சர்வர்களில் நிரல்களை இயக்கி மேலாளும் குபர்நெட்டிஸ், நிறுத்தச் சொல்லும் சிக்டெர்ம் (SIGTERM) சமிக்ஞையை அனுப்பிய பின் இயல்பாகத் தரும் 30 வினாடிகள் இந்தச் சுருங்கலுக்கானவை: கையிலுள்ள ஆர்டரை முடித்து இணைப்புகளை விட்டுவிட வேண்டும். உறைந்த நிரலால் அதுவும் இயலாது என்பதால் விழுங்கு செல்லின் வேலையைத் தரவுத்தளமே செய்ய வேண்டும். பரிவர்த்தனையைத் திறந்துவைத்துச் சும்மா இருக்கும் இணைப்பைக் குறித்த நேரத்தில் துண்டிக்கும் வசதி போஸ்ட்கிரஸ் (PostgreSQL) தரவுத்தளத்தில் உண்டு. இயல்பில் அது அணைந்திருக்கும், இயக்கிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. டிஎன்ஏ சேதமடைந்ததும் செல்லிலுள்ள பி53 என்ற புரதம் பெரும்பாலும் செல் பிரிதலை நிறுத்திப் பழுதுபார்க்க அவகாசம் தரும். சேதம் மிஞ்சினால்தான் சாவு. அதுபோல, தரவுத்தளம் எட்டாதபோது நிரல் புதிய ஆர்டர் வாங்குவதை நிறுத்தினால் போதும். தோற்றால் நிரலை மறுதொடக்கம் செய்யும் குபர்நெட்டிஸின் உயிர்ச் சோதனைக்குள் (liveness probe) தரவுத்தளத்தைச் சேர்த்துவிட்டால், தரவுத்தளம் சிறிது நேரம் தடுமாறினாலும் எல்லா நிரல்களும் ஒருசேர மறுதொடக்கமாகும். தரவுத்தளம் எட்டுகிறதா என்று பார்ப்பதை, தோற்றால் வேலை அனுப்புவதை மட்டும் நிறுத்தும் தயார்நிலைச் சோதனையில் (readiness probe) வையுங்கள்.

அமைத்த பின், சோதனைச் சர்வர் ஒன்றில் நிரலுக்குச் சிக்ஸ்டாப் (SIGSTOP) சமிக்ஞை அனுப்பி உறையவைத்து, குத்தகை தீர்கிறதா, இணைப்புகள் விடுபடுகின்றனவா என்று பாருங்கள். பிறகு சிக்கான்ட் (SIGCONT) சமிக்ஞை அனுப்பி எழுப்பி, பழைய எண்ணோடு அது எழுத முயல்வது மறுக்கப்படுகிறதா என்பதையும் உறுதிசெய்யுங்கள்.