பாலு மகேந்திரா நடிகரா, இயக்குநரா? எங்கட பக்கத்து ஆளா?

திருகோணமலையிலிருந்து கேட்கிறீர்கள் தம்பி. மூதூர், வாகரை தாண்டிப் போனால் வரும் மட்டக்களப்பு, அமிர்தகழிதான் அவருடைய ஊர். 1939இல் பிறந்தவர். ஆக, எங்கட கிழக்கு மாகாணத்து ஆள்தான், உரிமையோடு சொல்லலாம்.

பள்ளிக்கூடச் சுற்றுலா போன இடத்தில், இலங்கைக்கு வந்திருந்த ஆங்கிலேய இயக்குநர் டேவிட் லீனின் படப்பிடிப்பைப் பார்த்திருக்கிறார். லீன் "மழை" என்று குரல் கொடுத்ததும் மழை கொட்டியதாம். "நான் சொன்னாலும் மழை பெய்யவேணும்" என்ற ஆசை அன்றைக்கு அந்தப் பொடியனுக்குள் புகுந்ததாகப் பிறகு அவரே பல தடவை சொல்லியிருக்கிறார்.

புனே திரைப்படக் கல்லூரியில் படித்தது ஒளிப்பதிவு. 1969இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். முதலில் கை கொடுத்தது தமிழ் அல்ல, மலையாளம்: ராமு காரியாட் இயக்கிய 'நெல்லு' (1974) படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். இயக்கிய முதல் படமும் தமிழ் அல்ல, கன்னடம்: 1977இல் வந்த 'கோகிலா'. அதன் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது. பிறகு தமிழில் அவர் செய்தவை உங்களுக்கே தெரியும்.

நடிப்பு? அது கடைசியில் வந்தது. 2013இல் 'தலைமுறைகள்' படத்தில் தாத்தாவாக முதன்முதலாக நடித்தார், எழுபது வயதைத் தாண்டி. எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாமே அவர்தான். சுயாதீன சினிமா என்றால் என் கணக்கில் இதுதான். பெரிய கமராவும் இல்லை. கையடக்கமான டிஜிட்டல் கமராவில் எடுத்தார். தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருது அதற்குக் கிடைத்தது. 2014 பெப்ரவரியில் காலமானார்.