மார்பளவு

கேள்வி: உலகத்தைச் சுற்றிச் செடி சேகரித்த ஜோசப் பேங்க்ஸுக்கு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் மார்பளவு வெண்கலச் சிலைதான் வைத்திருக்கிறார்கள். முழு உருவம் வைத்தால் என்ன?

பதில்: ‘பஸ்ட்’ என்று எழுதாமல் மார்பளவு என்றதற்கே ஒரு கும்பிடு. ஆனால் மார்பளவு என்றதும் எனக்குச் சிலை தோன்றுவதில்லை, தண்ணீர்தான் தோன்றுகிறது. குளத்தில் மார்பளவுத் தண்ணீரில் நின்றபடி, “ஆழமே இல்லை, இறங்குங்க” என்பாரே ஒருவர், அவர் முகம்தான் எல்லா மார்பளவுச் சிலைக்கும். கீழே என்ன நடக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

பேங்க்ஸுக்குக் கீழே நடந்தது கீல்வாதம். 1768-ல் கேப்டன் குக்கின் என்டெவர் கப்பல் ஏறியபோது வயது 25. ஆன் சீமோர் டேமர் என்ற பெண் சிற்பி 1812-13-ல் இந்தச் சிலையைச் செய்தபோது மனிதர் எழுபதைத் தொடப்போகிறார். நடமாட்டம் சக்கர நாற்காலியில். முழு உருவமும் இல்லாமல் இல்லை. சான்ட்ரி செதுக்கிய பளிங்குச் சிலை அதே ஊர் இயற்கை வரலாற்று மியூசியத்தில் இருக்கிறது. அதிலும் உட்கார்ந்துதான் இருக்கிறார்!

கால் போகட்டும், கை எங்கே என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். செடி சேகரிப்பவருக்குக் கைதான் எல்லாம். பூவும் காயும் உள்ள கிளையாகப் பார்த்து வெட்டி, தாள்களுக்கு நடுவே அழுத்திக் காயவைக்க வேண்டும். தாளில் பரப்பும்போது ஓர் இலையையாவது புரட்டி அடிப்பக்கம் தெரிய வைக்க வேண்டும். பூவின் நிறத்தை அங்கேயே எழுதிவிட வேண்டும், காய்ந்தால் போய்விடும். முதல் சில நாள் தினமும் ஈரத்தாளை எடுத்து உலர்ந்த தாள் வைக்காவிட்டால் இலை கறுக்கும், பூஞ்சை பிடிக்கும். சதைப்பற்றுள்ள செடியைக் கொதிநீரில் முக்கி எடுக்காமல் வைத்தால், அது அழுத்தத்துக்குள்ளேயே உயிரோடிருந்து இலையை உதிர்க்கும்.

1770 மே மாதம் ஆஸ்திரேலியாவின் பாட்டனி பே விரிகுடாவில் பேங்க்ஸ் இந்தப் பயத்தில்தான், கிட்டத்தட்ட 200 குயர் தாளைக் கரைக்குக் கொண்டுபோய்ப் பாய்த்துணிமேல் விரித்து, நாளெல்லாம் வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைத்தார். அவர் கொண்டுபோன தாள்களில் ஒரு பகுதி என்ன தெரியுமா? மில்டன் கவிதைக்கு எழுதிய விமர்சன உரையின் அச்சுத்தாள்கள், நூலாகக் கட்டப்படாதவை. விமர்சனம் வறட்சியாக இருக்கிறது என்று இனி யாரும் குறைசொல்ல வேண்டாம். ஈரத்தை உறிஞ்ச வறட்சிதானே வேண்டும்! ‘வழவழ தாளில் பத்திரிகை போடக்கூடாதா’ என்று விடாமல் எழுதும் அன்பர்களுக்கும் இதுவே பதில். ஆர்ட் பேப்பர் சொட்டு ஈரம் குடிக்காது. நம்முடைய மட்டித்தாளில் செம்பருத்தியை வைத்துப் பாருங்கள். என் தலையங்கத்துக்கும் ஒரு பயன் கிடைக்கும்.

30,000-க்கு மேற்பட்ட மாதிரிகளோடு ஊர் திரும்பியவர், செடிகளின் படங்களை 743 செப்புத் தகடுகளில் வெட்டவைத்தார். எல்லாம் தயார், அச்சுதான் பாக்கி. அந்தப் பாக்கியை வைத்துவிட்டு 1820-ல் கண்ணை மூடினார். 1980-ல் தொடங்கி 1990-ல்தான் முழுத் தொகுப்பும் வண்ணத்தில் அச்சாகி முடிந்தது. “அடுத்த வாரம் நிச்சயம் சார்” என்று போனில் சொல்லும் நம் தொடர்கதைக்காரர்கள் இந்தப் பத்தியை மட்டும் படிக்காமல் தாண்டிப் போகவும்.