அம்மாவின் மூட்டுவாத மாத்திரை எச்.ஐ.வி.க்கு ஆகுமா?

கேள்வி: எனக்கு வயது 38, ஊர் நடுவட்டம். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை ஐந்து வருடமாகச் சாப்பிடுகிறேன். வைரஸ் கட்டுக்குள் இருக்கிறது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஆய்வகத்தில் எச்.ஐ.வி.யைத் தடுத்ததாகப் படித்தேன். அம்மா மூட்டுவாதத்துக்கு அதைத்தான் சாப்பிடுகிறார். மாத்திரை வாங்க மழைக்காலத்தில் ஊட்டிக்குப் போய்வருவது பெரும்பாடு. ஏ.ஆர்.டி.க்குப் பதில் அம்மாவின் மாத்திரையைச் சாப்பிடலாமா, டாக்டர்?

பதில்: வேண்டாம். ஏ.ஆர்.டி.யை ஒரு நாள்கூட விடாதீர்கள்.

நீங்கள் படித்தது பொய்யில்லை. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து மலேரியா மருந்தான குயினைனை எடுத்த ஊர் உங்களுடையது. அதே மலேரியாவுக்காகப் பின்னாளில் செயற்கையாகச் செய்தவைதான் குளோரோகுயினும் அதன் தம்பியான உங்கள் அம்மாவின் மாத்திரையும். 1990களில் இவற்றை எச்.ஐ.வி. மேலும் சோதித்தார்கள். ரத்த வெள்ளையணுக்களைத் தட்டில் வளர்த்து, வைரஸைத் தொற்றவிட்டு, மருந்தைப் பல அளவுகளில் சேர்ப்பார்கள். சில நாள் கழித்து வைரஸின் பி24 புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பார்கள். அணுக்களே செத்துப்போனாலும் வைரஸ் குறையும் என்பதால் அதையும் தனியாகப் பார்ப்பார்கள். அந்தச் சோதனையில் இந்த மருந்து தேறியது.

மனித உடம்பில் தேறவில்லை. பிரிட்டனில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், ஏ.ஆர்.டி. தொடங்காத 83 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தினம் 400 மி.கி. வீதம் 48 வாரம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரை. மருந்து சாப்பிட்டவர்களுக்குத்தான் வைரஸ் கூடுதலாக ஏறியது! தட்டில் பலித்த அளவை எட்டுகிறேன் என்று நீங்களாக மாத்திரையைக் கூட்டினால் இதயத்துக்கும் கண்ணின் விழித்திரைக்கும் ஆபத்து.

அதற்காகப் பழைய மருந்துகளைச் சோதிப்பதே வீண் என்று சொல்ல மாட்டேன். 1964-ல் புற்றுநோய்க்காகச் செய்து, பலனில்லை என்று மூலையில் போட்ட ஏ.இஸட்.டி. என்ற மருந்து, 1985-ல் ஆய்வகத்தில் எச்.ஐ.வி.யைத் தடுத்தது. அப்புறம் நோயாளிகளிடமும் நிரூபித்து, 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் எச்.ஐ.வி. மருந்தானது. தனியாகக் கொடுத்தபோது வைரஸ் அதற்கும் பழகிக்கொண்டது. உங்கள் ஒரே மாத்திரைக்குள் இன்று மூன்று மருந்து இருப்பது அந்த அனுபவத்தால்தான். நிறுத்தினால் சில வாரங்களில் வைரஸ் மறுபடி பெருகும்.

சரி, ஊட்டிப் பயணத்துக்கு வருவோம். மண்சரிவும் பனிமூட்டமும் உள்ள அந்தச் சாலையில் மாதாமாதம் போவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரிகிறது. வைரஸ் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு இரண்டு, மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கும் நடைமுறை உண்டு. மழை தொடங்குமுன் ஏ.ஆர்.டி. மைய ஆலோசகரிடம் கேளுங்கள். பக்கத்தில் ஏ.ஆர்.டி. மாத்திரை தரும் இணைப்பு மையம் இருந்தால் அங்கே மாற்றிக்கொள்ள முடியுமா என்றும் விசாரியுங்கள். எய்ட்ஸ் உதவிக்கான 1097 இலவச எண்ணிலும் தமிழில் கேட்கலாம். கையில் எப்போதும் பத்து நாள் மாத்திரையாவது கூடுதலாக இருக்கட்டும்.