சிக்னல் கட்டா, ஃப்ளட்டரா? ஆர்.சி. (ரிமோட் கண்ட்ரோல்) விமானம் பத்தி வாசகர் கேள்விகள்

கேள்வி: சார், என்னோட பால்சா (லேசான மரம்) ப்ளேன நல்ல உயரத்துல இருந்து ஃபுல் த்ராட்டில்ல டைவ் அடிச்சேன். திடீர்னு ப்ர்ர்ர்னு ஒரு சத்தம், அடுத்த நொடி வலது ஏலரான் (இறக்கையோட பின்பக்கம் மேல கீழ அசையுற பாகம்) பிச்சுகிட்டு தனியா போயிடுச்சு, ப்ளேன் உருண்டுகிட்டே வந்து தரையில குத்திடுச்சு. கூட பறக்கவிடுறவங்க சிக்னல் கட்டாயிடுச்சுன்னு சொல்றாங்க. புது ரேடியோ வாங்கணுமா?

பதில்: வேணாங்க, அந்த காச அப்படியே வைங்க. சிக்னல் போனா இப்படி சத்தம் வராது, நீங்க செட் பண்ணி வச்ச ஃபெயில்சேஃப்படி மோட்டார் அடங்கும், அவ்வளவுதான். நீங்க கேட்டது ஃப்ளட்டர். வேகம் கூடக்கூட காத்து ஏலரான ஆட்டும், லிங்கேஜ்ல (ஏலரான அசைக்கிற சின்ன மோட்டாரான சர்வோவையும் ஏலரானையும் இணைக்கிற அமைப்புல) கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் அந்த அதிர்வு காத்துல இருந்தே சக்தி எடுத்து எடுத்து பெருசாகி ஒரு செகண்டுக்குள்ள ஹின்ஜ (ஏலரான இறக்கையோட சேக்குற கீல்) பிடுங்கிடும், இல்லன்னா சர்வோ கியர் பல்லு போயிடும்.

உடைஞ்ச துண்டெல்லாம் குப்பையில போட்டுடாதீங்க, காரணம் அதுலதான் இருக்கு. ஹின்ஜ் கிழிஞ்சிருக்கா இல்ல பசை பிடிக்காம முழுசா உருவிகிட்டு வந்திருக்கான்னு பாருங்க. உருவி வந்திருந்தா ஒட்டுனது சரியில்ல. அடுத்த ப்ளேன்ல ஒவ்வொரு ஹின்ஜையும் ஒட்டி காஞ்சப்புறம் கையால நல்லா இழுத்துப் பாத்துட்டுதான் பறக்கவிடணும். ரேடியோ ஆன்ல இருக்கும்போது ஏலரானோட பின் விளிம்ப விரலால மேல கீழ ஆட்டிப் பாருங்க, சர்வோ அசையாம ஏலரான் மட்டும் லொடலொடன்னு ஆடுச்சுன்னா அதுதான் வில்லங்கம். புஷ்ராட (சர்வோவுல இருந்து ஏலரானுக்குப் போற கம்பி) சர்வோ ஆர்ம்ல (சர்வோவோட கை) உள்பக்க ஓட்டையிலயும் கண்ட்ரோல் ஹார்ன்ல (ஏலரான்ல இருக்குற கொம்பு) வெளிப்பக்க ஓட்டையிலயும் மாட்டுனா அந்த ஆட்டம் நல்லா குறையும், சர்வோவுக்கு பலமும் கூடும். பல பேர் அசைவு நிறைய வேணும்னு தலைகீழா மாட்டுறாங்க, அது எனக்கு சுத்தமா பிடிக்காது. இன்னொன்னு, ரிப்பேர் பண்ணும்போது ஏலரானோட பின் விளிம்புல பெயிண்டும் பசையும் சேத்துகிட்டே போகாதீங்க, ஹின்ஜுக்கு பின்னால எடை கூடுனா ஃப்ளட்டர் இன்னும் கம்மி வேகத்துலயே வந்துடும். நிஜ விமானங்கள்லயே இதுக்காகத்தான் பல மாடல்ல ஹின்ஜுக்கு முன்னால தனியா எடை வைக்கிறாங்க.

பறக்கும்போது அந்த சத்தம் கேட்டா உடனே த்ராட்டில கம்மி பண்ணுங்க, மூக்க மெதுவா தூக்குங்க, வெடுக்குனு இழுக்காதீங்க. இறக்கிட்டு அன்னைக்கு திரும்ப ஏத்தவே கூடாது, வெளிய ஒண்ணும் தெரியலன்னாலும் உள்ள கியர் பல்லு போயிருக்கலாம்.

கேள்வி: ஃபோம் ப்ளேன்ல வேகமா ரோல், லூப்னு எல்லா ஸ்டிக்கும் ஒண்ணா ஆட்டுனேன். ரெண்டு செகண்ட் எதுவுமே வேலை செய்யல, திரும்ப உயிர் வந்தப்போ தரை பக்கத்துல வந்துடுச்சு. 4 செல் பேட்டரி, 4 சர்வோ, ஈ.எஸ்.சி.லயே (மோட்டார் வேகத்த கட்டுப்படுத்துற சர்க்யூட்) இருக்குற பி.ஈ.சி. (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் கரண்ட் கொடுக்குற பகுதி).

பதில்: ரிசீவர் (ப்ளேன்ல சிக்னல வாங்குற கருவி) ரீஸ்டார்ட் ஆயிருக்கு. பி.ஈ.சி. லீனியர் டைப்பா இருந்தா 4 செல்லோட 16.8 வோல்ட்ட 5 வோல்ட்டா இறக்குறதுல மிச்சமெல்லாம் சூடாதான் போகும், அந்த நேரத்துல நாலு சர்வோவும் ஒண்ணா கரண்ட் இழுத்தா வோல்ட் விழுந்துடும். தனியா ஒரு ஸ்விட்சிங் பி.ஈ.சி. (அவ்வளவா சூடாகாத டைப்) போடுங்க. போட்டப்புறம் ப்ரொப்பெல்லர கழட்டிட்டு, ரிசீவர்ல வோல்ட்மீட்டர் மாட்டி, எல்லா ஸ்டிக்கையும் வேகமா சுத்திப் பாருங்க. வோல்ட் விழுற மாதிரி தெரிஞ்சா பறக்காதீங்க. சில ரிசீவர்ல இப்படி பவர் போய் வந்தா லைட் மினுக்கும், விழுந்த உடனே பேட்டரிய பிடுங்காம முதல்ல அத பாத்துக்கோங்க, ஆனா ப்ரொப்பெல்லர் கிட்ட கை வைக்காம.

கேள்வி: சர்வோ மாத்திட்டு பறக்கவிட்டேன், தூக்குன உடனே இடது பக்கம் சாஞ்சுது, வலது கொடுக்கக் கொடுக்க இன்னும் சாஞ்சு விழுந்துடுச்சு.

பதில்: ஏலரான் ரிவர்ஸ்ல இருந்திருக்கு. ப்ளேனுக்கு பின்னால நின்னுகிட்டு ஸ்டிக்க வலது தள்ளுனா வலது ஏலரான் மேல வரணும், இடது கீழ போகணும். அசையுதான்னு மட்டும் பாத்தா பத்தாது, எந்தப் பக்கம் அசையுதுன்னு பாருங்க, ஒவ்வொரு தடவையும் தூக்குறதுக்கு முன்னாடி.