நண்பகலின் திசை

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிராக்கோவுக்குப் படிக்க வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. போலிஷ் மொழியில் நண்பகலுக்கும் தெற்குக்கும் ஒரே சொல். நள்ளிரவுக்கும் வடக்குக்கும் ஒரே சொல். இது சொல்வறுமை இல்லையா? போன வாரம் ஒரு தோழி ‘எட்டுக்குப் பாதி’ என்றாள். எட்டரை என்று நினைத்துப் போனேன். அவள் ஏழரையிலிருந்து காத்திருந்திருக்கிறாள்.

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தத் தோழியிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். ‘ஃப்புவ் தோ உஸ்மெய்’ என்றால் எட்டை நோக்கிப் பாதி தூரம் வந்தாயிற்று என்று பொருள், அதாவது ஏழரை. ஜெர்மானியரும் ரஷ்யரும்கூட இப்படித்தான் எண்ணுகிறார்கள்.

வறுமை என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. போலந்தில் சூரியன் ஒருநாளும் உச்சந்தலைக்கு மேல் வருவதில்லை. ஆண்டு முழுவதும் நண்பகலில் அது தெற்கில்தான் நிற்கும். வயலில் நிமிர்ந்து சூரியனைப் பார்த்த உழவனுக்கு நேரமும் திசையும் ஒன்றாகவே தெரிந்தன. ‘பொவுத்னியே’ என்றால் பாதிப் பகல், ‘புவ்நொத்ஸ்’ என்றால் பாதி இரவு. கிழக்கைக் குறிக்கும் சொல்லே சூரிய உதயம், மேற்கைக் குறிப்பதே மறைவு. நான்கு திசைகளையும் சொல்லி முடித்தால் சூரியனின் ஒரு முழுச் சுற்றைச் சொன்னதாகிவிடும்! லத்தீனிலும் நண்பகலும் தெற்கும் ஒரே சொல்தான். நம் ஊரில் இது பொருந்தாது. மே முதல் ஜூலை வரை சென்னையில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கும்.

உங்கள் ஊர் மரியன்னை தேவாலயக் கோபுரத்திலிருந்து மணிதோறும் தீயணைப்பு வீரர் ஒருவர் எக்காளம் ஊதுவாரே, ‘ஹெய்னாவ்’, அதை நான்கு பக்கமும் திரும்பித் திரும்பி ஊதுவார். நண்பகல் ஊதலை 1927 முதல் போலந்து வானொலி ஒலிபரப்புகிறது. நாடு முழுவதற்கும் நண்பகல் என்பது பாதியில் அறுந்துபோகும் அந்த இசைதான். அதே நண்பகலுக்கு வேறொரு முகமும் இருந்தது. வெயில் உச்சியில் வயலில் நிற்பவர்களைப் பிடித்துக்கொள்ளும் ‘பொவுத்னித்ஸா’ என்ற பெண் பேயைச் சொல்லிக் கிராமத்தார் பயமுறுத்துவார்கள். நம் உச்சிவேளைப் பயத்தைப் போலவே.

பகலும் இரவும் சேர்ந்த 24 மணி நேரத்துக்கு ‘தோபா’ என்று தனிச்சொல் வைத்திருக்கும் மொழி அது. 

எனக்கு மிகப் பிடித்தது ‘ஷாரா கொஜினா’, சாம்பல் நிற மணி நேரம். வேலை செய்ய வெளிச்சம் போதாது, விளக்கேற்றவும் மனம் வராது. அந்த அரையிருட்டில் வீட்டார் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். டிசம்பரில் உங்கள் ஊரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அப்போது அந்தத் தோழியைச் சந்தித்தால் ‘ஜென் தோப்ரி’ (பகல் வணக்கம்) சொல்வதா, ‘தோப்ரி வியெச்சூர்’ (மாலை வணக்கம்) சொல்வதா என்று குழம்புவீர்கள். கடிகாரத்தைப் பார்த்துச் சொல்பவர்களும் உண்டு, இருட்டைப் பார்த்துச் சொல்பவர்களும் உண்டு. அவள் எந்தப் பக்கம் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.