சிலம்பை எப்போது காட்டுவது? கதை உத்திகள் பற்றிய கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: வாசகரிடம் எதை, எப்போது சொல்வது? இதில் பழைய கதைசொல்லிகள் கைதேர்ந்தவர்கள். அதனால் உதாரணங்களை அவர்களிடமிருந்தே எடுத்திருக்கிறேன்.

கேள்வி: என் சிறுகதையின் முதல் இரண்டு பக்கமும் நாயகனின் குடும்பப் பின்னணியிலேயே போய்விடுகிறது. படித்தவர்கள் "கதை எப்போது ஆரம்பிக்கும்?" என்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்து வைத்துவிட்டு மூன்றாம் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். பல நேரம் கதை அங்கேதான் தொடங்கியிருக்கும். ஹோமரின் இலியட், டிராய் போரின் பத்தாம் ஆண்டில், ஒரே படையின் இரண்டு தலைவர்கள் போடும் சண்டையில் ஆரம்பிக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த மரக்குதிரை அதில் வருவதே இல்லை. டிராய் வீரன் ஹெக்டரின் இறுதிச் சடங்கோடு காவியம் முடிந்துவிடும். எடுத்துக்கொண்ட விஷயம் அந்த இரண்டு தலைவர்களில் ஒருவனான அகிலீஸின் கோபம், அவ்வளவுதான். போர் ஏன் வந்தது என்பது அன்று கேட்டவர்களுக்கு முன்பே தெரியும், உங்கள் வாசகருக்குத் தெரியாது, சரி. அதற்கு எந்தத் தகவல் இல்லாவிட்டால் காட்சி புரியாதோ அதை மட்டும், தேவைப்படும் இடத்தில் ஒரு வரியாகச் சேருங்கள்.

கேள்வி: கடைசியில் திருப்பம் வைத்தால் "திடீரென்று வந்து விழுகிறது" என்கிறார்கள். முன்பே கோடி காட்டினால் "அப்போதே தெரிந்துவிட்டது" என்கிறார்கள்.

பதில்: இதற்குச் சிலப்பதிகாரத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. முடிவைத் தீர்மானிக்கும் சிலம்பு நான்காவது காதையிலேயே வந்துவிடுகிறது. கணவனைப் பிரிந்த கண்ணகியின் பாதங்களைச் சொல்லும்போது 'அணிசிலம்பு ஒழிய' என்கிறார் இளங்கோ. அணியாமல் விட்ட சிலம்பு! அங்கே அது அவள் தனிமை. துப்பு என்று யாருக்கும் தோன்றாது. ஒன்பதாவது காதையில், செல்வத்தையெல்லாம் தொலைத்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது என்கிறான் கோவலன். அவள் சொல்வது 'சிலம்புள கொண்ம்'. சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது அது அவள் அன்பு. அப்புறம் அதுவே புது வாழ்க்கைக்கு முதல். இருபதாவது காதையில் பாண்டியன் முன்னால் சாட்சியாகிறது: அரசியின் சிலம்பில் முத்துப் பரல், இவளுடையதில் மாணிக்கம். உடைத்ததும் தெறிக்கிறது மாணிக்கம்.

ஒவ்வொரு முறையும் சிலம்புக்கு அந்தக் காட்சியிலேயே ஒரு வேலை இருந்ததைக் கவனியுங்கள். நாளைய திருப்பத்துக்காக மட்டும் ஒரு பொருள் மூலையில் காத்து நின்றால் வாசகர் கண்டுபிடித்துவிடுவார். இன்றைக்கும் அதற்கு ஒரு காரியம் கொடுங்கள்.

கேள்வி: முடிவு முன்பே தெரிந்துவிட்டால் சுவாரசியம் போய்விடாதா?

பதில்: போகாது. கோவலன் கொலையுண்டதும் மதுரை எரிந்ததும் சிலப்பதிகாரத்தின் முன்னுரைப் பகுதியான பதிகத்திலேயே வந்துவிடுகின்றன. அதன்பின் அவன் சிலம்போடு கடைவீதிக்குக் கிளம்பும்போது நமக்கு ஏற்படும் பதைப்பு, முடிவு தெரிந்ததால் வருவது.

கேள்வி: தொடக்கம், நடு, முடிவு என்று மூன்றாகப் பிரித்துத்தான் எழுத வேண்டுமா?

பதில்: பக்கக் கணக்காகப் பிரிக்கத் தேவையில்லை. அரிஸ்டாட்டில் அந்த மூன்றையும் சொன்னார். ஆனால் ஒன்றுக்குப் பின் ஒன்று நடப்பதும், ஒன்றினால் ஒன்று நடப்பதும் வேறு வேறு என்று அவர் சொன்னதுதான் எழுதுகிறவருக்கு அதிகம் உதவும். உங்கள் காட்சிகளுக்கு நடுவே 'அப்புறம்' பொருந்துகிறதா, 'அதனால்' பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: "அவள் பயந்தாள்", "அவள் துக்கப்பட்டாள்" என்று எழுதாமல் உணர்ச்சியை எப்படிக் கொண்டுவருவது?

பதில்: குறுந்தொகையின் 25ஆம் பாட்டு, கபிலர் எழுதியது. அவன் என்னை ஏற்றுக்கொண்டபோது அங்கே யாரும் இல்லை, அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. தினைத்தாள் போன்ற மெல்லிய கால்களோடு ஒரு குருகு மட்டும் இருந்ததாம், அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்தபடி. பயம் என்ற சொல்லே பாட்டில் இல்லை. இருந்த ஒரே சாட்சி ஒரு பறவை, அதற்கும் கவனம் மீனில்! எனக்கு இன்றைக்கும் அந்த இடத்தில் மனசு கனத்துவிடும். வர்ணனை எழுதும்போது எது அழகாக இருக்கும் என்று தேடாதீர்கள். இந்த நிலையில் இருப்பவள் கண் எதில் போய் நிற்கும் என்று கேளுங்கள்.

கேள்வி: அக்கா, 'நான்' என்று எழுதுவதா, 'அவள்' என்று எழுதுவதா? ஒவ்வொரு கதையிலும் இங்கேயே நின்றுவிடுகிறேன்.

பதில்: காதலைப் பாடும் பழைய அகப்பாடல்களுக்குத் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி (வளர்ப்புத் தாய்) கூற்று என்று, பேசுவது யார் என்ற குறிப்பு இருக்கும். பல பாடல்களில் யாரிடம் சொன்னது என்பதும் இருக்கும். நீங்களும் அதை முதலில் முடிவு செய்யுங்கள். மகள் வீட்டைவிட்டுப் போன கதையா? தாய் தன் தோழியிடம் சொல்வதாக அரைப் பக்கம் எழுதுங்கள். அதே அரைப் பக்கத்தைத் தாய் அந்த மகளிடமே சொல்வதாக மாற்றுங்கள். எதை மறைப்பாள், எங்கே குரல் தடுமாறும் என்பதெல்லாம் மாறிவிடும். அந்த இரண்டையும் எழுதிய பிறகு 'நானா, அவளா' என்று யோசிக்கலாம்.